நாச்சியேரிக்கு வந்த மாப்பிள்ளை

நாச்சியேரியின் மீன்கள் தண்ணீரை விட்டு மேலே எழும்பி ஊருக்குள் வரத் தொடங்கிய மாசி மாதத்துக் காலையில் வேடியம்மாள் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை முறத்தில் இருந்தாலும் நினைப்பெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கருப்பனேரியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் தனக்கொடியின் மேல்தான் இருந்தது. மாசமாயிருக்கும் அவளுக்கு வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அந்த நேரத்தில்தான் ஒரு ரோகு மீன், வயிறு ஊதி, செதிலெல்லாம் குத்திட்டு நிற்க, இடுப்பு உயரத்தில் காற்றில் மிதந்துகொண்டே தெருவோடு வந்து, வேடியம்மாளின் நிலைக்கதவில் தன் விலாவை வைத்துச் சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டது.

“சூ, அந்தாண்ட போ” என்று ஆட்டை விரட்டுவதைப்போல முறத்தை ஆட்டியவள், நிமிர்ந்து பார்த்து, ஆடில்லை மீன் என்று தெரிந்ததும், அதன் கண் பிதுங்கி வெளியே வந்திருப்பதையும் விலாவில் எலும்பு தெரியும் அளவுக்குப் புண் ஆழ்ந்திருப்பதையும் கண்டு மனசு தாங்காமல், முந்தானையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டுவந்து அதன் செவுளில் பிழிந்துவிட்டாள். மீன் நன்றியோடு பார்த்தது என்றெல்லாம் சொன்னால் பொய். அது பாட்டுக்குச் சொறிந்துகொண்டது. சொறிந்து முடித்ததும் அடுத்த வீட்டு நிலைக்குப் போயிற்று.

ஊர் ஆச்சரியப்படவில்லை என்று சொல்ல முடியாது. ஆச்சரியப்பட்டது, ஒரு டீ ஆறுகிற நேரத்துக்கு. அதற்குள் கட்லாவும் மிருகாலும் ஜிலேபிக் கெண்டையும் கூட்டம் கூட்டமாக ஏரிக்கரையைத் தாண்டி வந்து, சுவர் முனைகளிலும் மின்கம்பத்திலும் அம்மிக்கல்லிலும் நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் கண்ணாடியிலும் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டதால், வாயைப் பிளந்துகொண்டு நிற்க யாருக்கும் நேரமில்லாமல் போயிற்று. பஸ் எடுக்க வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும், முகத்துக்கு நேராக மீன் வந்தால் கையால் ஒதுக்கிவிட்டு நடக்க வேண்டும், அவ்வளவுதான் என்று பழகிக்கொண்டார்கள்.

ஏன் எழுந்தன என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள், அதைக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் எப்படி நோய் வந்தது என்று கேட்டால் அது ஊருக்கே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

நாச்சியேரி பெண், கருப்பனேரி ஆண். வருஷா வருஷம் கார்த்திகையில் இரண்டு ஏரியும் நிரம்பியதும் கருப்பனேரியிலிருந்து ஒரு விரால் மீனை மாப்பிள்ளையாக அண்டாவில் வைத்து, மேளம் கொட்டி, மலைப்பாதை வழியாகக் கொண்டுவந்து நாச்சியேரியில் விடுவார்கள். பதிலுக்கு நாச்சியேரிப் பெண்கள் கருப்பனேரிக்கு வாழப் போவார்கள். மீன் இங்கே வரும், பெண் அங்கே போகும், இதுதான் இரண்டு ஊருக்கும் உள்ள உறவு. போன வருஷத்து மாப்பிள்ளை எங்கே, அதற்கு முந்தைய வருஷத்து மாப்பிள்ளை எங்கே என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. வலையில் பெரிய விரால் விழுந்தால் கும்பிட்டுத் திரும்ப விட்டுவிடுவார்கள். மாப்பிள்ளை தானாகச் செத்தால் குற்றமில்லை. இந்த ஊர்க்காரர் கையால் செத்தாலோ, வேண்டாமென்று திருப்பி அனுப்பப்பட்டாலோ உறவு அறுந்துபோகும். அறுந்த பிறகு அங்கே இருக்கும் பெண் இங்கே வர முடியாது, இங்கே இருக்கும் பெண் அங்கே போக முடியாது. ஒரு காலத்தில் அப்படி நடந்து, அங்கே கொடுத்த பெண்களெல்லாம் தாய்வீட்டைப் பார்க்காமலே தலை நரைத்துச் செத்தார்களாம். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்த சேதிகூட அக்கரையில் நிற்கும் எல்லைக்கல்லைத் தாண்டிப் போகவில்லையாம்.

கடைசியாக எந்த வீட்டுப் பெண் கருப்பனேரிக்குப் போனாளோ அந்தப் பெண்ணின் தாய்தான் அந்த வருஷத்து மீனுக்கு மாமியார். வைகாசியில் தனக்கொடிக்குக் கல்யாணம் ஆனதால் இந்தக் கார்த்திகையில் மாமியார் முறை வேடியம்மாளுக்கு வந்தது. கட்டட வேலைக்குப் பெங்களூரு போயிருந்த புருஷன் ஊரில் இல்லாத நேரம். மீன் விற்றுப் பிழைக்கிறவள் என்றாலும் அன்றைக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஆரத்தித் தட்டோடு கரையில் நின்றாள்.

அன்றைக்கு மீன்வளத்துறை ஆய்வாளர் ரெஜினாவும் ஜீப்பில் வந்திருந்தார். ஏரியில் மீன்குஞ்சு விட வந்தவர், மேளச்சத்தம் கேட்டு இறங்கி வந்து, விஷயம் தெரிந்ததும் ஊர்ப் பெரியதனம் கோதண்டனைத் தனியாகக் கூப்பிட்டு, “வேற ஏரி மீன நேரா இறக்காதீங்க. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால சிமெண்ட் தொட்டி சும்மாதானே கெடக்குது. கொஞ்ச நாள் அதுல தனியா வைங்க. உப்புத் தண்ணில முக்கி எடுங்க. உடம்புல எதாவது ஒட்டிக்கிட்டிருக்கான்னு பாத்துட்டு, அப்புறம் ஏரில விடுங்க” என்றார்.

கோதண்டனுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. “இன்னா மேடம், நல்லாக் கீதே! வீடு தேடி வந்த மாப்ளய வாசல்ல நிக்க வெச்சு, சட்டையக் கழட்டி, சொறி செரங்கு இருக்குதான்னு பாத்துட்டா உள்ள கூப்புடுவாங்க?”

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். வேடியம்மாளும் சிரித்தாள். ரெஜினா ஒருத்தர்தான் சிரிக்கவில்லை.

வேடியம்மாளின் மருமகன் முனிரத்தினம்தான் அண்டாவைத் தலையில் சுமந்துவந்தவன். இறக்கி வைத்ததும் அவள் ஆரத்தி சுற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். கரேலென்று நல்ல வாட்டசாட்டமான விரால். அதன் விலாவில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக இருந்தது. துடுப்பின் இடுக்கில் பயறு அளவுக்குத் தட்டையாக, கண்ணாடிபோல் மினுங்கிக்கொண்டு எவையோ ஒட்டியிருந்தன. அதில் சில நகர்ந்தன. பொட்டு வைக்கிற சாக்கில் அவள் விரலால் அந்தச் சிவப்பைத் தொட்டாள், விரலில் குங்குமம் ஒட்டியது, குங்குமத்தோடு வழவழவென்று வேறொன்றும் ஒட்டியது, முகர்ந்து பார்க்காமலே அவளுக்கு நாற்றம் தெரிந்தது. பிறந்ததிலிருந்து மீனோடு கிடப்பவளுக்குப் புண் எது பொட்டு எது என்று தெரியாதா? நிமிர்ந்தாள். எதிரே சம்பந்தி பவுனம்மாள் கண் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பின்னால், ஐந்தாம் மாதத்து வயிறு தெரிந்தும் தெரியாமல், தனக்கொடி நின்றாள்.

“பொட்டு வெச்சு, சமிக்கி ஒட்டி, இன்னா ஜோரா அனுப்பியிருக்கறாங்க பாருங்க எங்க சம்பந்தி!” என்று வேடியம்மாள் ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். பெண்கள் குலவையிட்டார்கள். அண்டாவைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தவர்களில் பாதிப் பேர் மீன் பிடிக்கிறவர்கள், பாதிப் பேர் மீன் விற்கிறவர்கள், எல்லாருக்கும் கண் நன்றாகத் தெரியும், ஒருத்தர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை, மாப்பிள்ளையைத் தண்ணீரில் விட்டார்கள், அது வாலை ஒரு சுழற்றுச் சுழற்றி ஆழத்துக்குப் போய்விட்டது.

மார்கழியில் மீன்கள் சும்மா சும்மா துள்ள ஆரம்பித்தன. பரிசலில் போனால் அடியில் வந்து உரசும் சத்தம் கேட்டது. வலையில் விழுந்ததை எடுத்தால், மாப்பிள்ளையின் துடுப்பில் மினுங்கிய அதே மீன்பேன் செதிலுக்கு இரண்டாக ஒட்டியிருந்தது. தையில் துடுப்புகள் நைந்து நார் நாராகத் தொங்கின, செவுள் வெளுத்தது, பேன் கடித்த இடமெல்லாம் சிவந்து, சிவந்த இடமெல்லாம் குழிவிழுந்தது. வேடியம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊர்த் தெருக்களில் போனால், மூடியிருக்கிற துணியைத் திறந்து பார்த்துவிட்டுப் பெண்கள் முகத்தைச் சுளித்துக் கதவைச் சாத்தினார்கள். பொங்கல் கழிந்ததும் வயிறு வீங்கியது. இனி செத்துக் கரை ஒதுங்கப் போகின்றன என்று எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவை ஒதுங்கவில்லை, எழுந்து வந்தன.

ஒரு மீனைத் தவிர. மாப்பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. புண் ஆறித் தழும்பாகி, முன்னைவிடக் கொழுத்து, மதகடியில் தலைதூக்கி மூச்சு வாங்கிவிட்டுப் போவதைப் பலரும் பார்த்தார்கள்.

ஊருக்குள் வந்த மீன்களை ஊர் முறைப்படிதான் நடத்தியது. அங்காளம்மன் கோயில் பூசாரி வந்து பார்த்து, இது அம்மை போட்ட உடம்பு, அம்மை போட்ட வீட்டில் எப்படி இருப்பீர்களோ அப்படி இருங்கள் என்று சொல்லிவிட்டதால், வாசல்தோறும் வேப்பிலை செருகினார்கள், தாளிப்பதை நிறுத்தினார்கள், மீன்களின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், வேப்பிலைக் கொத்தால் வருடிக் கொடுத்தார்கள். மீன்கள் வேப்பிலையைவிடச் சுவர் முனையைத்தான் விரும்பின. வெள்ளையடித்த சுவரெல்லாம் தோள் உயரத்தில் ரத்தமும் சீழும் பட்டுப் பழுப்பேறியது. டீக்கடைக்காரர் பாய்லருக்கு மேல் சாக்கு கட்டினார், பேன் உதிர்ந்து டீயில் விழுகிறது என்று. பள்ளிக்கூடத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாடம் நடத்தினார்கள். பிள்ளைகள் வாலில் நூல் கட்டி இழுத்துக்கொண்டு திரிந்தார்கள், அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள், பெயர் வைத்த மீன் வேறு வீட்டு நிலையில் போய்ச் சொறிந்துகொண்டால் சண்டை போட்டார்கள். உலர்த்திய துணியில் வந்து ஒட்டிக்கொள்ளும் குறவை மீன்களைப் பிய்த்தெடுத்துவிட்டுத்தான் மடிக்க வேண்டியிருந்தது. பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் நின்று, உங்கள் வீட்டில் எத்தனை, எங்கள் வீட்டில் சமையலறையே நிறைந்துவிட்டது என்று, விருந்தாளி வந்ததைப்போல் சலித்துக்கொண்டார்கள்.

மாசி முடியும்போது அவை சாகத் தொடங்கின. அதோடு விட்டது சனியன் என்று நினைத்தவர்களின் நினைப்பில் மண் விழுந்தது. செத்த மீன் கீழே விழவில்லை. எந்த இடத்தில் உயிர் போயிற்றோ அந்த இடத்திலேயே, அந்தரத்தில், வாய் திறந்தபடி தொங்கியது. குழி தோண்டிப் புதைத்தால் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்தது. கொளுத்தினால் கரிந்த உருவத்தோடு தொங்கியது. காக்கை தொடவில்லை, பருந்து வட்டமிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. கடைசியில் ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. குனிந்து நடந்தார்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு சோறு தின்றார்கள், அதாவது வாய்க்குள் போகிற அளவுக்கு மட்டும் துணியைத் தூக்கிக்கொண்டு.

அப்போதுதான் ரெஜினா மறுபடியும் வந்தார். தொங்கிக்கொண்டிருந்தவற்றைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை, ஏரிக்குள் இருப்பதைப் பற்றித்தான் பேசினார். பேன் ரத்தம் குடிக்கிறது, குடித்த ஓட்டையில் கிருமி நுழைகிறது, பேனின் முட்டை கல்லிலும் கட்டையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இனி மருந்து ஊற்றிப் பிரயோஜனமில்லை, மதகைத் திறக்காமல் தண்ணீரை இறைத்து வயலில் விட்டு, உள்ளே மிஞ்சியிருக்கிற ஒவ்வொரு மீனையும் அழித்து, சுண்ணாம்பு கொட்டி, ஏரியை வெயிலில் காயப்போட வேண்டும், அடுத்த மழைக்குள் செய்யாவிட்டால் வாய்க்கால் வழியாகக் கீழே உள்ள ஏரிகளுக்கெல்லாம் போய்விடும் என்றார்.

“ஒவ்வொரு மீனும்னா?” என்று கோதண்டன் கேட்டார்.

“அந்த விராலும்தான். முக்கியமா அதுதான். அது சாகாம மத்ததுக்குக் குடுத்துக்கிட்டே இருக்கு.”

கோயில் முன்னால் கூடியிருந்த கூட்டத்தில் எல்லாருடைய முகமும் மெதுவாக வேடியம்மாளின் பக்கம் திரும்பியது. அவள் எழுந்து நடுவில் வந்தாள். கும்பிடக்கூட இல்லை, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

“எம்பொண்ணு அங்க கீறா. வயித்துப் புள்ளயோட கீறா. இப்ப அறுத்துட்டீங்கன்னா நான் அவ மூஞ்சிய எப்பப் பாக்கறது? தலப்பிரசவம். பெத்தவ இல்லாம எவ கையப் புடிச்சிக்கினு அவ கத்துவா? வளகாப்பு போட்டு இட்டாந்துடறன். அதுவரைக்கும் பொறுங்க.”

ஊர் பொறுத்தது. இரக்கத்தால் மட்டும் இல்லை, அந்தக் கூட்டத்தில் கருப்பனேரிக்குப் பெண் கொடுக்காத வீடு குறைவு. இன்னும் கொஞ்ச நாள் உறவு நீடிக்கட்டும் என்று ஒவ்வொருத்தரும் உள்ளூர நினைத்தார்கள், அந்த நினைப்பைத் தன் வாயால் சொல்ல ஒருத்தி கிடைத்தாள். ரெஜினா மட்டும், “பொறுத்தீங்கன்னா ஏரில அந்த விராலத் தவிர ஒண்ணும் மிஞ்சாது” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வளைகாப்புச் சீரோடு வேடியம்மாள் மலையைத் தாண்டிப் போனாள். கருப்பனேரியில் தெரு சுத்தமாக இருந்தது. ஒரு மீன்கூட அந்தரத்தில் இல்லை. ஆனால் எல்லா வீட்டுக் கதவும் ஜன்னலும் பகலிலேயே சாத்தியிருந்தன, சாத்திய கதவுகளுக்குப் பின்னால் எதுவோ மோதி மோதி உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சம்பந்தி வீட்டுக் கூடத்தில் புது வேட்டிகளை ஒன்றோடொன்று தைத்து, கூரைக்குக் கீழே விதானமாகக் கட்டியிருந்தார்கள். மணையில் உட்கார்ந்திருந்த தனக்கொடியின் கன்னத்தில் சந்தனம் பூசும்போது வேடியம்மாள் அண்ணாந்து பார்த்தாள். விதானத் துணி இங்கே புடைத்தது, அங்கே புடைத்தது, ஈரமாகிப் பழுப்பாகிக்கொண்டிருந்தது. ஊதுவத்தி ஒரு கட்டையே கொளுத்தி வைத்திருந்தார்கள். நாற்றம் அதையும் மீறித் தெரிந்தது.

பவுனம்மாளும் அண்ணாந்து பார்த்தாள். இரண்டு சம்பந்திகளும் ஒரே இடத்தைப் பார்த்துவிட்டு, ஒரே நேரத்தில் கண்ணை இறக்கினார்கள்.

“புளிசாதத்துல உப்பு சரியாக் கீதா சம்பந்தி?” என்றாள் பவுனம்மாள்.

“அமிர்தமாக் கீது” என்றாள் வேடியம்மாள். வாயில் வைத்ததை விழுங்க முடியாமல் விழுங்கினாள்.

மகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு மலைப்பாதையில் இறங்கி வரும்போது, பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து தனக்கொடி தானாகவே சொன்னாள். “ஆவணிலயே எழுந்திரிச்சிடுச்சும்மா. எல்லாத்தயும் புடிச்சி வீட்டுக்குள்ள போட்டு மூடிட்டாங்க. ஏரில மிச்சம் இருந்தது அந்த ஒரு விரால்தான். மாப்ளய அனுப்பலன்னா இந்த வருசத்தோட அறுந்துடும், ஒங்கம்மாவ நீ பாக்க முடியாதுன்னு அத்த சொன்னாங்க. குங்குமத்தக் கொழச்சி வெச்சது நாந்தான்.”

வேடியம்மாள் மகளின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கை கொடுத்து எழுப்பிவிட்டு, “வேற எவன் கேட்டாலும் சொல்லிடாத” என்றாள். திட்ட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. தானும் அதையே செய்துவிட்டு அவளைத் திட்ட முடியுமா? இவளைப் பார்க்க வேண்டுமென்று அவள், அவளைப் பார்க்க வேண்டுமென்று இவள், நடுவில் ஒரு ஏரி.

மகள் வந்துவிட்டாள். கோதண்டன் மறுநாளே வீட்டுக்கு வந்தார். தனக்கொடியை நலம் விசாரித்துவிட்டு, “அப்ப வேலைய ஆரம்பிச்சிடலாமா வேடி?” என்றார்.

“பெத்துக்கட்டும்ண்ணா. புருசங்காரன் வந்து புள்ளயப் பாத்துட்டு அவள இட்டுக்கினு போவட்டும். அப்புறம் இன்னா வேணா பண்ணுங்க. அவ வர்ற வரைக்கும் பொறுத்தீங்க இல்ல, போற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?”

“அவ போயிட்டா நீ அவள அப்புறம் பாக்கவே முடியாதுடி.”

“தெரியும். அங்க புருசனோட இருப்பா இல்ல. எங்கியோ நல்லாருக்கறான்னு நெனச்சிக்கினு நான் இங்க கெடந்துட்டுப் போறன்.”

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. பெற்ற மகளை இனிப் பார்க்காமல் இருப்பதற்கு ஒரு தாய் இப்படி மன்றாடுவாள் என்று கோதண்டன் நினைத்திருக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, முகத்துக்கு முன்னால் தொங்கிய மிருகாலை ஒதுக்கிவிட்டு வெளியே போனார். இன்னும் கொஞ்ச நாள் கிடைத்தது.

பங்குனியில் தனக்கொடிக்குப் பெண் குழந்தை பிறந்தது. வலி எடுத்தபோது அவள் அம்மாவின் கையைத்தான் பிடித்துக்கொண்டு கத்தினாள். குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, தூளியில் போட்டு, தூளியைச் சுற்றிப் பழைய கொசுவலை கட்டினார்கள். கருப்பனேரிக்குச் சேதி சொல்ல ஆள் கிளம்பவிருந்த அன்றைக்குத்தான் வானம் கறுத்தது. கோடை மழை வரும்போல இருந்தது. கீழேரி ஊர்க்காரர்கள் கம்போடு வாய்க்கால் தலைப்பில் வந்து நின்றுகொண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் இங்கே வந்தால் நடக்கிறதே வேறு என்று சத்தம் போட்டார்கள். நாச்சியேரிக்காரர்கள் வேடியம்மாளைத் திரும்பிப் பார்க்கவில்லை. சேதி சொல்லப் போகவிருந்தவனையும் வேலைக்கு நிறுத்திக்கொண்டு, பம்ப் இன்ஜின்களை இறக்கித் தண்ணீரை வயலுக்கு இறைத்தார்கள்.

சித்திரை வெயிலில் ஏரி சுருங்கிக் குட்டையாயிற்று. ரெஜினா சொன்னபடியே ஆயிற்று, வேறொன்றும் மிஞ்சவில்லை. மதகடிப் பள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் மாப்பிள்ளை மட்டும் கிடந்தது. கரை நெடுக ஊரே நின்றது. சுண்ணாம்பு மூட்டைகள் பிரித்துக் கிடந்தன. ஒருத்தரும் இறங்கவில்லை. மாப்பிள்ளையைக் கொன்ற கை யாருடையது என்று நாளைக்குக் கேட்பார்களே! இளவட்டங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வேடியம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள். கையில் ஒரு குடம் இருந்தது. நேராக ரெஜினாவிடம் போனாள்.

“மேடம், அந்தச் சிமெண்ட் தொட்டி சும்மாதான கெடக்குது. இத அதுல வெச்சிடறன். உப்புத் தண்ணி ஊத்தறன். எத்தினி நாள் வேணா தனியா வெக்கிறன். எம்மவ வூட்டுக்காரன் வந்து அவள இட்டுக்கினு போற வரைக்கும் உசுரோட இருந்தாப் போதும்.”

ரெஜினா அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் பார்த்தார். “அன்னிக்கு வெச்சிருக்கணும்மா. இப்ப இது தண்ணிய விட்டு வெளிய வந்தா எந்தத் தொட்டிலயும் நிக்காது. நீங்களே பாக்குறீங்கல்ல?”

வேடியம்மாள் ஊரைப் பார்த்தாள். கூரைகளுக்கு மேலும் மரங்களுக்கு நடுவிலும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன, ஏரியில் ஒரு காலத்தில் இருந்த அத்தனையும். குடத்தைக் கரையில் வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினாள்.

விரால் ஓடவில்லை. அவள் நின்றதும் மெதுவாக அவள் காலடிக்கு வந்து, அவள் கெண்டைக்காலில் தன் விலாவை வைத்துத் தேய்த்தது. ஒரு பக்கம் தேய்த்துவிட்டுத் திரும்பி மறுபக்கத்தைக் கொடுத்தது. எத்தனை மாதமாக இதற்கும் அரிப்பு இருந்திருக்கும், கொழுத்திருக்கிறது கொழுத்திருக்கிறது என்று ஊர் எரிச்சல்பட்டதே தவிர இது சொறிந்துகொள்ள இடமில்லாமல் கிடந்ததை யார் பார்த்தார்கள் என்று நினைத்ததும், அதுவரை வராத அழுகை அவளுக்கு வந்துவிட்டது. குனிந்து, நகத்தால் அதன் துடுப்பிடுக்கில் ஒட்டியிருந்த பேன்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள். விரால் அசையாமல் இருந்தது. கரையில் இருந்தவர்கள் அவள் என்ன செய்கிறாள் என்று புரியாமல் பார்த்தார்கள். முழுக்க எடுத்து முடித்த பிறகு, “கோச்சிக்காதீங்க மாப்ள” என்று சொல்லி, சந்தையில் அவள் தினமும் செய்வதைப்போல, செவுளில் விரல் கோத்துத் தூக்கி, மதகுக் கல்லில் ஒரே அடியாக அடித்தாள்.

அது மட்டும் கீழே விழுந்தது.

சுண்ணாம்பு கொட்டினார்கள். ஏரி வெளுத்துப் பாளம் பாளமாக வெடித்தது. பங்குனியில் கறுத்த வானமோ மூன்று தூறல் போட்டுவிட்டு அப்போதே கலைந்துபோயிருந்தது. கருப்பனேரியிலிருந்து சண்டைக்கு யாரும் வரவில்லை. ஒரு நாள் காலையில் தனக்கொடியின் சீர்ப் பாத்திரங்களும் இரும்புப் பெட்டியும் அக்கரையில் எல்லைக்கல் பக்கத்தில் இறக்கி வைக்கப்பட்டிருந்தன. போய் எடுத்துக்கொண்டு வந்தார்கள். எல்லாம் தேய்த்துக் கழுவித் துடைத்து அனுப்பப்பட்டிருந்தன.

தனக்கொடி பெட்டியைத் திறக்கவில்லை. குழந்தைக்குப் பால் கொடுத்தாள், துணி அலசினாள், அம்மாவிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால்கூட வேடியம்மாளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அண்ணாந்தால் மீன், குனிந்தால் மகள், இரண்டையும் பார்க்க முடியாமல் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பழகினாள்.

வைகாசியில் ஒரு நாள் வெயில் சாயும் நேரத்தில் யாரோ ஓடிவந்து சொன்னார்கள், முனிரத்தினம் அக்கரையில் வந்து நிற்கிறான் என்று. தனக்கொடி குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு ஓடினாள், வேடியம்மாள் பின்னாலேயே ஓடினாள். வறண்ட ஏரிக்கு அந்தப் பக்கம், எல்லைக்கல்லுக்கு அப்பால், ஒரு வெள்ளைச் சட்டை நின்றது. கல்லைத் தாண்டி அவன் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. இக்கரையில் ஊர் ஆட்கள் இரண்டு பேர் தனக்கொடியின் முன்னால் வந்து நின்றார்கள், தடுக்க வேண்டுமே என்பதற்காக நின்றார்களே தவிர அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தனக்கொடி குழந்தையைத் துணியிலிருந்து பிரித்து, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் அது குழந்தை என்று தெரியும், அதற்கு மேல் என்ன தெரியும்? அவன் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தான். வாயருகே கையைக் குவித்து ஏதோ கத்தினான், காதில் விழவில்லை. குழந்தை வீறிட்டது.

“இன்னா புள்ளன்னு கேக்கறாரும்மா” என்றாள் தனக்கொடி. “எனக்குக் கொரலு வரல. நீ சொல்லு.”

தெருத்தெருவாகக் கூவி மீன் விற்ற தொண்டை வேடியம்மாளுக்கு. மூச்சை இழுத்துப் பிடித்து, “பொம்பளப் புள்ள! ஒன்ன உரிச்சி வெச்சிருக்குது!” என்று கத்தினாள். தடுக்கத் தண்ணீர் இல்லாத அந்தப் பள்ளத்தில் குரல் நெடுந்தூரம் போயிற்று.

அந்தப் பக்கம் அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பி, மலைப்பாதையில் ஏறத் தொடங்கினான்.

“கேக்கல போல கீது” என்று வேடியம்மாள் மறுபடியும் கத்தப் போனாள்.

தனக்கொடி குழந்தையை இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். “கேட்டுச்சும்மா” என்றாள். “அதான் போறாரு.”